'நில்' என்று சொல்வதற்கு முன்

உங்களில் பாதிப்பேர் என்னைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள். மீதிப்பேர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். ஆகவே எப்படி ஓட வேண்டும், எப்படிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்த நான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நம் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்தேன். இப்போது இரண்டு முட்டிகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டதால் வீட்டில் இருக்கிறேன். பயிற்சியாளர் பனியனை முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அட்டவணைகள் உங்களிடம் நிறையவே இருக்கின்றன. நான் ஒரு பெண்ணைப் பற்றியும் அவள் கணவரைப் பற்றியும் எழுதுகிறேன்.

சண்முகக்கனி எங்கள் குழுவுக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். தி.நகரில் பெரிய ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சந்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு மேட்சிங் சென்டர் இருந்தது. புடவையைக் கொண்டுபோய் விரித்தால் அதே நிறத்தில் ப்ளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடை. கணவர் சுயம்புலிங்கம் கல்லாவில் இருப்பார், கனி கவுன்ட்டரில் நிற்பாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு அந்த இடம்தான். எதற்கு ஓட வந்தாய் என்று எல்லாரிடமும் கேட்பதுபோல் அவளிடமும் கேட்டேன். எடை குறைய, சர்க்கரை குறைய என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள்.

"ஓடும்போது யாரும் என்கிட்ட ஒரு சேலையைக் காட்டி, இதுக்கு மேட்சிங் இருக்கான்னு கேக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் வரும்போதே ஒரு வழக்கோடுதான் வந்தாள். அதற்கு முந்தைய வருடம் யாரிடமும் பயிற்சி எடுக்காமல் தானாகவே ஒரு அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்து, ஆரம்பத்திலிருந்தே தலைதெறிக்க ஓடி, முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். மனைவி ஓடி வருவதைப் படம் பிடிக்கக் கைபேசியை உயர்த்திக்கொண்டு சுயம்புலிங்கம் அங்கேதான் நின்றிருக்கிறார். அவருடைய அப்பா ஒரு தீபாவளிக் கூட்டத்தின் நடுவே, அதே கடையில், துணி பேல்களின் மேல் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதைப் பார்த்த மனிதர் இதையும் பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கனிக்கு ஒன்றுமில்லை, உப்பும் தண்ணீரும் குறைந்துபோயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் இவருக்கு உடம்பு நடுங்குவது நிற்கப் பல நாள் ஆயிற்றாம்.

பிறகு வீட்டில் பஞ்சாயத்து நடந்திருக்கிறது. கனி ஓடியே தீருவேன் என்று நின்றாள். மாமியார் கூடாது என்றார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இதயம் துடிக்கும் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டாமல் கனி ஓட வேண்டும். துடிப்பைக் காட்டும் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த எண் சுயம்புலிங்கத்தின் கைபேசியிலும் அப்போதைக்கப்போது தெரிய வேண்டும். அவர் நில் என்று சொன்னால் எந்த இடமானாலும் நின்றுவிட வேண்டும். அப்படி ஒருமுறை நிற்க நேர்ந்தால், அதோடு ஓட்டமே கிடையாது. சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

முதல் நாள் அவரும் கூடவே வந்தார். கடைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு மணலில் நின்றுகொண்டு, நான் ஏதோ அவரை முறைத்த மாதிரி அவராகவே விளக்கம் சொன்னார்.

"ஓட வேண்டாம்னு சொல்லுதவன் இல்ல டீச்சர் நான். விழ வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

நான் அவரை முறைத்தது உண்மைதான். வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஓடும் பெண்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அவர் கேட்டது தவறான பயிற்சி இல்லையே! இதயத்தைக் குறைந்த துடிப்பில் வைத்து மாதக்கணக்கில் மெதுவாக ஓடுவதைத்தான் நானும் நெடுந்தூரம் ஓட வருகிற எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நூற்று எண்பதிலிருந்து வயதைக் கழித்து வருகிற எண்ணைத் தாண்டாதே என்பது அந்த வழியில் ஒரு பொதுக்கணக்கு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கனிக்கும் அப்படி ஓர் எண் வந்தது. கறி சிறு தீயில் வேகிற மாதிரி உடம்பு அதில் மெல்ல மெல்லப் பக்குவப்படும். வெந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு இது சரிப்படாது.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டாவது வாரத்தில் அழுவார்கள். கனிக்கு ஓடத் தொடங்கியதுமே எண் ஏறிவிடும். உடனே நடக்க வேண்டும். எண் இறங்கியதும் ஓட வேண்டும். மறுபடி ஏறும். இப்படியே கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊரூர் குப்பத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் பெண்களுக்கெல்லாம் அவள் சொந்தக்காரியைப்போல ஆகிவிட்டாள்.

"இன்னாம்மா, நடக்கிறியா ஓடுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போ! நண்டு உன்னைத் தாண்டிப் போய்க்கினு கீது பாரு!"

மயிலாப்பூரிலிருந்து தினமும் காரில் வந்து நடக்கும் ஒரு மாமா, கையை வீசிக்கொண்டு அவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா? ஆத்துல யாரையாவது அழைச்சுண்டு வரப்படாதோ?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார். மீன்காரப் பெண்களின் கேலியை அவளால் சிரித்துத் தாங்க முடிந்தது. இந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், நான் அந்த மாமாவை மட்டும் ஒரே ஒரு தடவை தாண்டிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாள். தாண்டு, ஆனால் எண்ணுக்குள் தாண்டு என்றேன். அவள் பார்த்த பார்வையில், மாமாவை விட்டுவிட்டு என்னையே மிதித்துத் தாண்டிப் போயிருப்பாள்.

இதற்கு நடுவே சுயம்புலிங்கத்தின் தொலைபேசி அழைப்புகள் வேறு. மனைவி கடற்கரையில் ஓட, அவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு முற்றத்தில் காபியை வைத்துக்கொண்டு அவள் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எண் கொஞ்சம் எகிறினால் அவளைக் கூப்பிட மாட்டார், ஓடுகிறவளைப் பதற்றப்படுத்தக் கூடாதாம். என்னைத்தான் கூப்பிடுவார்.

"டீச்சர், இப்ப என்னமோ சட்டுனு ஏறிட்டு. என்ன செய்யுதா அவ?"

"நாய் துரத்துச்சுங்க."

"கடிச்சிருச்சா?"

"இல்லை, வேறொருத்தரைத் துரத்துச்சு. இவங்க பார்த்துச் சிரிச்சாங்க. அதுல ஏறிடுச்சு."

அவருக்கு நம்பிக்கை வராது. எண் இறங்குகிற வரைக்கும் அழைப்பைத் துண்டிக்காமல் அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப்போக அந்த மூச்சுச் சத்தம் பழகி, அது வராத காலைகளில் மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்று நானே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். உங்களுக்கும் இப்படிச் சிலர் வாய்ப்பார்கள். ஓடுகிறவருக்குப் பயிற்சி கொடுக்கத்தான் சம்பளம். வீட்டில் இருந்து பயப்படுகிறவருக்கும் சேர்த்துத்தான் வேலை.

தீபாவளி நெருங்கிய வாரங்களில் கனியின் எண் அநியாயத்துக்கு ஏறியது. முந்தைய மாதம் இதமாக ஓடிய வேகத்தில் இப்போது நடக்கக்கூட முடியவில்லை. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண் என்று தளர்ந்துபோனாள். நான் அவளுடைய ஓட்டத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எப்போது தூங்குகிறாய் என்று மட்டும் கேட்டேன். கடையில் கூட்டம் கலைந்து, விரித்த துணிகளையெல்லாம் மடித்து வைத்து, வீடு வந்து சேர்ந்து படுத்து, கொஞ்ச நேரத்திலேயே எழுந்து கடற்கரைக்கு வருகிறாள். பண்டிகை முடிகிற வரை வராதே, தூங்கு என்று அனுப்பிவிட்டேன். தூங்கி எழுந்து வந்தபோது எண் தானாக இறங்கியிருந்தது. மழைக்காலம் வந்து காற்றும் குளிர்ந்தது. ஒரு காலையில், எண்ணுக்குள்ளேயே, மூச்சு வாங்காமல், அவள் மயிலாப்பூர் மாமாவைத் தாண்டினாள். தாண்டும்போது, "மாமா, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கை தட்டினார். அன்று காலை எங்கள் குழு முழுக்க ஒரே கொண்டாட்டம்.

அடுத்த வருடமும் அப்படியே பொறுமையாக ஓடினாள். அதன் முடிவில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். சத்தியம் அப்படியே இருந்தது. வழியில் ஒருமுறை நிறுத்தப்பட்டால் இனி ஓட்டமே இல்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் என்னிடம், "நான் விழுந்துருவேனோன்னு பயம் இல்ல டீச்சர். அவங்க நில்லுன்னு சொல்லிருவாங்களோன்னுதான் பயம்" என்றாள்.

ஓட்டத்தன்று காலை நான் அடையாறு பாலத்தின் தென்முனையில் நின்றேன். நெடுந்தூர ஓட்டத்தில் கடைசிக் கால்பங்குதான் ஆளை உரித்துப் பார்க்கும் என்பதால் என் ஆட்கள் அந்தப் பகுதிக்கு வரும்போது நான் கண்ணில் பட வேண்டும் என்று வைத்திருந்தேன். பாலத்துக்கு முந்திய தண்ணீர்ப் பந்தலில் ஏழுமலை நின்றிருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், நம் குழுவில் நீண்ட நாளாக ஓடுகிறவர்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம் என் கைபேசி அடித்தது. சுயம்புலிங்கம். வழக்கமான குரல் இல்லை.

"டீச்சர், நூத்தி எழுபதுக்கு மேல காட்டுது. ரொம்ப நேரமா காட்டுது. நிப்பாட்டிருங்க டீச்சர். எனக்கு ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நிப்பாட்டிருங்க."

நூற்று எழுபது என்பது அவளுடைய வரம்புக்கு எங்கேயோ மேலே. அதுவும் வெயிலில், அத்தனை தூரம் ஓடிய பிறகு. ஏழுமலைக்கு ஒரு போன் போட்டால் போதும், அவளை அங்கேயே பிடித்து உட்கார வைத்துவிடலாம். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். எச்சரிக்கையாக இருந்தேன் என்றுதான் சொல்வார்கள்.

புதிதாக வந்திருக்கிறவர்களே, இந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு மூச்சு நிதானிக்க வேண்டும். ஒரே ஒரு மூச்சு, அதற்கு மேல் வேண்டாம். நான் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த எண் ஏறி இறங்குதா, இல்லை அப்படியே நிக்குதா?"

"ஆணி அடிச்ச மாதிரி நிக்குது டீச்சர். அசையவே மாட்டேங்கு."

ஓடுகிறவரின் இதயம் ஆணி அடித்தாற்போல் நிற்காது. மேட்டில் ஏறும், சரிவில் இறங்கும், தண்ணீர் குடிக்க வேகம் குறைத்தால் தணியும். அசையாமல் ஓர் எண் நின்றால், கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் விழும் காலடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கையில் சரியாகப் படியாமல் ஆடும் கடிகாரங்கள் இந்தத் தப்பைச் செய்யும். ஆனால் அது வெறும் சந்தேகம்தான். இதயம் தாறுமாறாக ஓடத் தொடங்கினாலும் எண் மேலேயே நிற்கலாம். சந்தேகத்தை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

ஏழுமலையைக் கூப்பிட்டேன். கனி வந்தாளா, எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"இப்பத்தான் தாண்டிப் போச்சு டீச்சர். நல்லாத்தான் கீது. தண்ணி குடுத்தேன். இன்னா ஏழுமலை, நாஸ்டா துன்னியான்னு என்னை மாதிரியே கேட்டு கிண்டல் பண்ணிக்கினு போச்சு."

மயக்கம் வரப்போகிறவள் அடுத்தவர் பேசுவதுபோல் பேசிக் காட்ட மாட்டாள். பாலம் ஏறி இறங்கினால் என் கைக்கு வந்துவிடுவாள். என் கண்ணால் பார்த்து, என் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று தீர்மானித்தேன். சுயம்புலிங்கத்திடம் அதைச் சொல்லக் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு அடித்தபோது, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று அவருடைய அம்மா சொன்னார். சாலையெல்லாம் ஓட்டத்துக்காகத் தடுத்து வைத்திருக்கிறார்களே, எப்படி வருவார்? அந்தச் சில நிமிடங்கள் தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்து அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பாலத்தின் மேட்டில் முதலில் தெரிந்தது ஒரு கட்டம் போட்ட லுங்கி.

தடுப்புக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு சுயம்புலிங்கம் ஓடி வந்திருக்கிறார். மடித்துக் கட்டிய லுங்கி, பொத்தான் மாறிப் போட்ட சட்டை, காலில் ஹவாய் செருப்பு. ஓரத்தில் நின்றவர்கள் அவரையும் போட்டியாளர் என்று நினைத்து, "கமான் அங்கிள், கமான்!" என்று கை தட்டினார்கள். அவருக்குப் பக்கத்தில், அவர் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கனி வந்தாள். பின்னாலிருந்து வந்தவள் பாலத்தில் அவரைப் பிடித்துவிட்டிருக்கிறாள். அருகில் வர வர அவள் பேசுவது கேட்டது.

"மெதுவா வாங்க. எதுக்கு இப்படி ஓடுதிய? மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு!"

என்னைப் பார்த்ததும் அவர் அவளைச் சுட்டிக்காட்டி, நிறுத்துங்கள் என்று கையால் காட்டினார். கனியின் முகம் மாறிவிட்டது. அதுவரை அவர் ஆசையாகப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

இரண்டு பேரையும் ஓரமாக இழுத்தேன். என் வலது கையால் கனியின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கப் பார்த்ததால் இடது கையால் அவருடைய மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். இப்படித்தான் அந்த நடைபாதையில் ஒரு தம்பதியின் நாடிகள் ஒரே நேரத்தில் என் விரல்களில் அடித்தன. கனியுடையது வேகமாக இருந்தது, ஆனால் ஒழுங்காக இருந்தது. ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. எண்ணிப் பார்த்தேன், அவளுடைய வரம்பை ஒட்டித்தான் இருந்தது. அவருடையதை எண்ணவே முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்று அவள் நாடி தப்பித் தப்பி அடித்திருந்தாலோ, பேச்சு குழறியிருந்தாலோ, வெயிலில் வியர்வை நின்று உடம்பு சில்லிட்டிருந்தாலோ, நானே அவளை உட்கார வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். சத்தியம், ஆசை, இரண்டு வருட உழைப்பு எதையும் பார்த்திருக்க மாட்டேன். நீங்களும் பார்க்கக் கூடாது.

கடிகாரத்தைக் கழற்றினேன். அதற்கு அடியில், முடிச்சு மேலே பார்த்தபடி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு தடித்த கயிறு. வியர்வையில் ஊறி உப்பிப்போயிருந்தது.

"அத்தை கட்டி விட்டாங்க டீச்சர்" என்றாள் கனி. "ஊர்லேர்ந்து சாமி கயிறு வரவழைச்சு, காலைல கிளம்பும்போது கட்டி விட்டாங்க. பொம்பளைங்க இடது கைலதானே கட்டணும். அந்தக் கையிலதான கடிகாரமும் இருக்கும். வலது கையில வளையல் இருக்கேன்னு கடிகாரத்தைக் கயித்துக்கு மேலேயே கட்டிக்கிட்டேன். முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு."

நன்றாகத்தான் இருந்திருக்கும். கயிறு ஊறி உப்ப உப்பக் கடிகாரம் தோலை விட்டு மேலே எழும்பிவிட்டது. ஓட்டமே கூடாது என்று சொன்ன மாமியார், மருமகள் பத்திரமாக ஓடி முடிக்க வேண்டும் என்று ஆசையாகக் கட்டிய காப்பு அது. அதை அறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் அவள் அறுத்திருக்க மாட்டாள்.

விஷயத்தைச் சுயம்புலிங்கத்திடம் சொன்னேன். அவருடைய விரல்களைப் பிடித்து அவள் மணிக்கட்டில் சரியான இடத்தில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு ஒன்றுமில்லை, ஓட விடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவளுடைய சத்தியம் என்னிடம் செய்தது இல்லையே. ஓட்டக்காரர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நின்ற கால் இறுகிப்போனால் பிறகு ஓடுவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

கடைசியில் அவர்தான் பேசினார்.

"கடிகாரம் இல்லாம ஓடிருவியா?"

"ஓடிருவேன்."

"மூச்சு வாங்கினா?"

"நடப்பேன்."

"தலை சுத்தினா?"

"அந்த இடத்துலயே உக்காந்துருவேன். உங்களைக் கூப்பிடச் சொல்லுவேன்."

அவர் அவள் கையை விட்டார். "சரி, போ" என்றார். அவள் போய்விட்டாள். முதல் சில அடிகள் நொண்டினாள், பிறகு காலின் இறுக்கம் விட்டது. வளைவில் திரும்பி மறைகிற வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பழக்கத்தில் கைபேசியை எடுத்துத் திறந்தார். அதில் பார்க்க இனி ஒன்றுமில்லை என்று நினைவுக்கு வந்ததும் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எலுமிச்சை உப்புத் தண்ணீர் கொடுத்து, மூச்சு சமனாகும் வரை பக்கத்திலேயே இருந்தேன். அன்று என் கவனிப்பு அதிகம் தேவைப்பட்ட ஆள் அவர்தான்.

முடிவுக்கோட்டுக்குப் போய் ஓரமாக நின்றோம். எத்தனையோ பேர் வந்தார்கள். வருகிற ஒவ்வொரு முகத்தையும் அவர் எட்டி எட்டிப் பார்த்தார். முந்தைய தடவை அவள் விழுந்த தூரம் இதுதான் டீச்சர் என்று ஓரிடத்தைக் காட்டினார். அந்த இடத்தைக் கனி தாண்டியபோது அவர் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். நான்தான், "வந்துட்டாங்க, பாருங்க" என்று பிடித்துத் திருப்பினேன். அவசரமே இல்லாமல், வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு அவள் கோட்டைத் தாண்டி வந்தாள். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். நிழலைத் தேடிப் போய் உட்கார்ந்து, கொடுத்த வாழைப்பழத்தை உரித்து இரண்டே வாயில் தின்றாள்.

நம் தொழிலில் 'ஓடு' என்று சொல்வது சுலபம். யாரும் நாம் சொல்லி ஓடுவதில்லை, அவரவர் ஆசையில்தான் ஓடுகிறார்கள். ஆனால் 'நில்' என்று சொன்னால் நிற்கிறார்கள். நம்மேல் வைத்த நம்பிக்கையில் நிற்கிறார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் தயங்காமல் சொல்லிவிடுங்கள். நம்முடைய பயத்துக்காக மட்டும் அதைச் சொல்லிவிடக் கூடாது. இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

கனி பழம் தின்றுகொண்டிருந்தபோது சுயம்புலிங்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். பாலத்துக்கிட்ட நான் நில்லுன்னு சொல்லியிருந்தா, அவ நின்னுருப்பாளா?"

"நின்னிருப்பாங்க."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும். உங்ககிட்டதானே சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சத்தியம் இனிமே வேண்டாம்னு அவகிட்ட நீங்க சொல்லிருங்க டீச்சர்" என்றார். "நான் சொன்னா அழுதுருவேன்."

"அழுதுக்கிட்டே சொல்லுங்க" என்றேன். "நான் சொல்ல மாட்டேன்."

லுங்கியை இறக்கிவிட்டு, பொத்தானைச் சரிசெய்துகொண்டு, அவளிடம் போனார்.